சமையலறைச் சுவர்

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அக்காவுக்கு இடுப்பு வலி பரவாயில்லை. போனில் கூப்பிட்டால் நீ மீட்டிங்கில் இருக்கிறாய், இல்லாவிட்டால் வண்டி ஓட்டுகிறாய். எனக்கும் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் கடிதம்.

நாம் விற்கப் போகிற சென்னை முடிச்சூர் வீட்டுப் படங்களை மாமா தன் போனில் பெரிதாக்கிக் காட்டினார். வாசல் கேட்டுக்குக்கூட வர்ணம் அடித்திருக்கிறாய். பெங்களூரிலிருந்து வாராவாரம் பஸ் பிடித்து வந்து, பிளம்பர் பின்னாலும் பெயிண்டர் பின்னாலும் தனியாக நின்று வேலை வாங்கியிருக்கிறாய். அப்பா இருந்திருந்தால் தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். உன்னிடம் மட்டும் சொல்லியிருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

மூலப்பத்திரத்தை மட்டும் தரகர் கையில் கொடுத்துவிடாதே. ஜெராக்ஸ் போதும். வில்லங்கச் சான்று 2001இலிருந்து இன்று வரை போட்டுவிட்டாயா? வாரிசுச் சான்றிதழில் என் இன்ஷியல் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சமையலறைப் படத்தில் மாமாவை நிறுத்தச் சொன்னேன். சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. பட்டி பார்த்து இரண்டு கோட் அடித்திருப்பார்கள் போல. அங்கே அப்பா பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 1.12.2015 என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு தடவை வெள்ளை அடித்தோம். இரண்டு தடவையும் அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னவர் அவர். உனக்கு மறந்திருக்காது.

படங்களுக்குக் கீழே 'தண்ணீர் தேங்காத ஏரியா' என்று எழுதியிருந்ததையும் மாமா படித்தார். அதை நீ எழுதியிருக்க மாட்டாய், தரகர்தான் எழுதியிருப்பார். ஆனால் நீயும் படித்திருப்பாய் அல்லவா?

அன்றைக்கு வெள்ளத்தில் அடையாற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதெல்லாம் நமக்குப் பிறகுதான் தெரியும். நமக்குத் தெரிந்ததெல்லாம் மாடிப்படி. முதல் படி, மூன்றாவது படி என்று நீ டார்ச் அடித்து எண்ணிக்கொண்டே இருந்தாய். ஏழாவது படியில் நின்றது. பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்து நம் மாடியில் உட்கார வைத்தாயே, இன்றைக்கும் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் அதைத்தான் சொல்கிறேன். உன் சம்பளத்தைச் சொல்வதில்லை.

வாங்க வருகிறவர்களுக்கும் வயதான அம்மா இருக்கிறாள் என்றாய். முட்டி வலி, படி ஏற முடியாது, கீழ் அறை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கீழ் அறையில் பீரோ மிதந்தது ஞாபகம் இருக்கிறதா? 2021இல் தண்ணீர் வாசற்படியோடு நின்றது. 2023 மிக்ஜாம் புயலில் ஹாலுக்குள் கணுக்கால் அளவு வந்தது. அதன் பிறகுதானே என்னை இங்கே கொண்டுவந்து விட்டாய்? நான் இருக்கக் கூடாத வீட்டில் அந்த அம்மா எப்படி இருப்பாள்?

அப்பா முப்பது வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவர். 'மேற்படி சொத்தில் எவ்விதமான வில்லங்கமும் இல்லை' என்ற வரியைத் தூக்கத்தில் கேட்டாலும் எழுதுவார். வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், முன்னால் நடந்த கிரயம் தெரியும். வெள்ளம் தெரியாது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55ஆவது பிரிவு என்று ஒன்றை அடிக்கடி சொல்வார். வாங்குகிறவன் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை ஒன்று விற்கிறவனுக்குத் தெரிந்திருந்தால், அவன் அதைச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறதாம். நீ கேட்கலாம், முடிச்சூரில் வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியுமே என்று. ஊருக்குத் தெரியும். நம் வீட்டுக்குள் எத்தனை அடி வந்தது என்பது அந்தச் சுவருக்கும் நமக்கும்தான் தெரியும்.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. பெங்களூர் பிளாட்டுக்கு மாதத் தவணை, பாப்பாவின் ஸ்கூல் பீஸ், எல்லாம் தெரியும். உன்னைத் திட்டுவதற்காக இதை எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

நாகப்பட்டினத்து வீட்டை விற்ற வருஷம், 1999, உனக்குப் பத்து வயது. இறால் பண்ணைகள் வந்த பிறகு கிணறு உப்புக் கரிக்க ஆரம்பித்துவிட்டது. பண்ணைகளை எடுக்கச் சொல்லி 1996இலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதற்காகக் கிணறு பழையபடி ஆகிவிடுமா? பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வீடு பார்க்க ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். உன்னைக் கூப்பிட்டு, தெருக்கோடி அடிபம்பில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக் கொல்லைப்பக்கமாகக் கொண்டுவா, முன்வாசல் வழியாக வராதே என்றேன். அந்தத் தண்ணீரில் காபி போட்டேன். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "கிணத்துத் தண்ணியா? நல்லா இருக்கே" என்றாள். நான் "ஆமாங்க" என்றேன். நீ சமையலறை வாசலில் நனைந்த சட்டையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்பா கூடத்தில் இருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை. 55ஆவது பிரிவைச் சொல்கிற மனிதர். அக்கா காலேஜுக்கு அன்றைக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக அதை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. 2015இல் தண்ணீர் வடிந்த மறுநாள் அவர் பென்சிலைத் தேடி எடுத்துக் கோடு போட்டபோது எதற்கு என்று கேட்டேன். "நாளைக்கு யாராவது வாங்க வந்தா காட்டணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டை விற்று நான்கு வருஷம் கழித்து அந்த வாத்தியார் மனைவியைச் சிக்கல் முருகன் கோயிலில் சஷ்டியின்போது பார்த்தேன். நானாகப் போய்ப் பேசவில்லை, தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவளே வந்து கையைப் பிடித்து, "பையன் நல்லா படிக்கிறானா?" என்று கேட்டாள். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதும்போது என் கை இப்படி நடுங்காது.

உனக்கு அன்றைக்குக் குடத்தைக் கொடுத்தவள் நான்தான். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும்.

அவர்களைக் கூப்பிட்டு நீயே சொல். தரகர் வழியாக வேண்டாம். 2015, 2021, 2023 மூன்றையும் சொல். அடையாற்றை அகலப்படுத்தியதையும் மூடுகால்வாய் கட்டியதையும் சேர்த்தே சொல், அதுவும் உண்மைதானே. அந்த ஏழாவது படியைக் காட்டு. பட்டி பார்த்த சுவரில் கோட்டைத் திரும்பப் போட வேண்டாம், உயரத்தைக் கையால் காட்டினால் போதும். கீழ் அறை யாருக்கு என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். விலை குறைத்துக் கேட்டால் குறைத்துக் கொடு. மூன்றில் ஒரு பங்கு எனக்கு வரும் அல்லவா, அந்தக் குறைச்சல் முழுவதையும் என் பங்கில் கழித்துக்கொள். அக்காவிடம் பேசிவிட்டேன். வேண்டாம் என்று போய்விட்டால் போகட்டும், வேறு ஆள் வருவார்கள். அதுவரை தவணைக்கு என் இரண்டு வளையல் இருக்கிறது.

22ஆம் தேதி ரிஜிஸ்திரேஷனுக்கு எனக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னாய். நீ அவர்களிடம் பேசிவிட்டு எனக்கு போன் செய்த பிறகுதான் நான் கிளம்புவேன். ராத்திரி எத்தனை மணியானாலும் செய், முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

பாப்பாவுக்கு அதிரசம் செய்து வைத்திருக்கிறேன். மூலப்பத்திரம் பத்திரம், ஜெராக்ஸ் மட்டும் கொடு.

அம்மா