படவிளக்கம் படத்துடனேயே செல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காகப் பாடநூல்களைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்) படிக்கத்தக்க மின்னாவணங்களாக மாற்றித் தரும் பணியில் ஓய்வு நேரத்தில் ஈடுபட்டு வருகிறேன். சென்ற மாதம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இதயப் படத்தில் வலது ஆரிக்கிள் இடப்பக்கம் இருப்பதாக ஒரு கோப்பும் வலப்பக்கம் இருப்பதாக இன்னொரு கோப்பும் சொல்கின்றனவே, எது சரி என்று கேட்டார். இரண்டுமே சரி. அந்தப் படத்துக்கான விளக்கத்தை நான், படத்தைப் பார்ப்பவரின் பக்கத்தைக் கணக்கில் கொண்டு எழுதியிருந்தேன். மற்றொரு தன்னார்வலர் இதயத்துக்கு உரியவரின் பக்கத்தைக் கொண்டு எழுதியிருந்தார்.

ஒரே படத்துக்கு இருவர் ஏன் எழுத நேர்ந்தது என்பதுதான் முக்கியமான கேள்வி. வேர்டு கோப்பில் நான் இட்டிருந்த மாற்று உரை (படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம்), யாரோ அதை அச்சிடும் வழியில் பிடிஎஃப் ஆக்கியபோது முழுவதும் உதிர்ந்துவிட்டது. விளக்கம் ஆவணத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை இந்த இழப்பு தொடரும். படக்கோப்பின் மீத்தரவிலேயே, அதாவது படத்தைப் பற்றிக் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படும் தகவல்களிலேயே, அது பதிந்திருந்தால், அடுத்து அந்தப் படத்தை எடுத்தாள்பவருக்கு விளக்கமும் சேர்ந்தே கிடைக்கும். இதற்கான இடம் ஏற்கெனவே உண்டு. செய்தி நிறுவனங்கள் பின்பற்றும் ஐபிடிசி (பன்னாட்டுப் பத்திரிகைத் தொலைத்தொடர்பு மன்றம்) அமைப்பின் படமீத்தரவுத் தரத்தில், சுருக்கமான மாற்று உரைக்கு ஒன்றும் விரிவான விளக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு புலங்கள் (தகவலை நிரப்பும் இடங்கள்) 2021இல் சேர்க்கப்பட்டன. ஒரே புலத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே விளக்கம் எழுத முடியும் என்பதால், இருவழிப் பாடநூல்களை வெளியிடும் நம் மாநிலத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் தமிழ் விளக்கம் ஒருங்குறியில்தான் (யூனிகோடு) இருக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததைத் திரைவாசிப்பான் வெறும் உளறலாகவே ஒலிக்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகள் 2017இல் அணுகல்தன்மைத் தரங்களைக் குறிப்பிடும் 15(1)ஆவது விதி, 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்து, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய அணுகல்தன்மை விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. அத்தகைய விதிகளில் ‘படங்களுக்கு விளக்கம் தேவை’ என்று மட்டும் எழுதினால், ‘படம் 7’ என்று இரு சொற்களை இட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்பார்கள். எந்தப் புலத்தில், எந்த மொழியில், எவ்வளவு விரிவாக எழுதுவது, உடலுறுப்புப் படங்களில் இடம் வலம் யாருடையது என்பது வரை வரையறுக்கப்பட வேண்டும்.

அந்த விளக்கத்தை எழுத வேண்டியவர்கள் எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் அல்லர். எதைக் கற்பிப்பதற்காக அந்தப் படம் பாடத்தில் இடம்பெற்றது என்பதை அறிந்த பாடநூலாசிரியரே, ஓவியரிடம் படத்தைக் கேட்கும் அன்றே அதன் விளக்கத்தையும் எழுதி, படக்கோப்பில் பதியச் செய்து, அச்சுக்கு அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மின்னாவணத் தன்னார்வலர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி