மகனை வெளியே உட்காரச் சொல்லுங்கள்: இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு மடல்

இப்போதுதான் கறுப்பு அங்கி போட்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

மதுரையில் இருபத்தைந்து வருடங்களாக வயதானவர்களுக்கு உயிலும், உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றித் தரும் செட்டில்மெண்ட் பத்திரமும் எழுதிக்கொடுத்து வருகிறேன். ஜூனியராகச் சேர வருகிறவர்கள் யாரும் இந்த வேலையைக் கேட்டு வருவதில்லை. கிரிமினல் வழக்கில் கிடைக்கும் பெயர் இதில் கிடைக்காதுதான். ஆனாலும் உங்களை இதற்குக் கூப்பிடுகிறேன்.

2010-இல் ஒரு அம்மாவை மகன் அழைத்து வந்தார். மகன் சொன்னார், நான் எழுதினேன். 'அன்பின் பேரில்' என்ற வழக்கமான வாசகம்தான். கைரேகை வைக்கும் வரை அந்த அம்மா வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு மஞ்சள் பையோடு தனியாக வந்தார். வீட்டை மகன் விற்றுவிட்டார். "நீங்கதானே சார் எழுதுனது?" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கும்படி கோட்டாட்சியரிடம் கேட்க அதன் 23-ஆம் பிரிவு வழி தருகிறது. நான் எழுதியதில் அந்த ஒரு வரி இல்லை. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு, தாயிடமே சொத்தைத் திருப்பித் தரச் சொன்னது. ஆனால் 2022-இல் அதே நீதிமன்றம், நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஒரு மூதாட்டியை ஏன் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும்? அந்த வரியை எழுதிவிடுங்கள். ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் சேர்த்து எழுதுங்கள். கோட்டாட்சியர் முன் வழக்கறிஞர் ஆஜராக 17-ஆம் பிரிவு இடம் தரவில்லை. நாம் உதவ வேண்டிய இடம் பத்திரம் எழுதும் மேசைதான்.

பல பேருக்கு செட்டில்மெண்டே தேவைப்படாது. உயில் போதும். அதை உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்கள் உயில் எழுதிவைக்கும் பெரியவரைவிட இளையவர்களாக இருக்கட்டும். நாளைக்குக் கோர்ட்டில் கூண்டேறி உயிலை நிரூபிக்க ஒருவராவது வேண்டுமே.

அப்புறம், மகனோ மகளோ அழைத்து வந்தால் அவர்களைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். ஃபீஸ் தருவது அவராக இருந்தாலும் சரி, நம் கட்சிக்காரர் உள்ளே இருக்கும் பெரியவர்தான். "கையெழுத்துப் போட்ட பிறகு எங்கே இருக்கப் போறீங்கம்மா?" என்று கேளுங்கள். சிலர் உடனே அழுதுவிடுகிறார்கள்.

சனிக்கிழமை மதியங்களில் என் அலுவலகத்துக்கு வாருங்கள். அந்த அம்மாவின் பத்திர நகலை இன்னும் வைத்திருக்கிறேன். பெயர், முகவரியை மறைத்துவிட்டு, முதலில் அதைத்தான் படிக்கக் கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் சீனியர் ஒருவர்