வாத்துகள் இன்னும் கிளம்பவில்லை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. "வரித்தலை வாத்து இந்த வருசம் வந்ததா?" என்று கேட்டிருந்தாய். கேள்விப்பட்டதை எழுத மனமில்லை. போய்ப் பார்த்துவிட்டே எழுதலாம் என்று இருந்தேன்.

நேற்று காலை ஐந்து மணிக்கே பாளையங்கோட்டையிலிருந்து வண்டியை எடுத்துவிட்டேன். மாசி பிறந்தும் பனி விடவில்லை. மூலைக்கரைப்பட்டியில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு குடித்தேன். கூந்தன்குளம் கரையில் ஏறும்போது சரியாக வெளுக்கக்கூட இல்லை. ஆனால் சத்தம் எப்போதோ தொடங்கியிருந்தது.

வந்திருக்கின்றன மாப்ள! தண்ணீர் வற்றிப் புல் முளைத்த ஓரத்தில் 43 வாத்துகள். இரண்டு தடவை எண்ணினேன். பின்னந்தலையில் அந்த இரண்டு கறுப்புப் பட்டைகளும் வெயில் பட்டதும் பளிச்சென்று தெரிந்தன. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. முதுகில் கருவி பொருத்தி அனுப்பியதில் 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் காற்றே மெலிந்துபோயிருக்கும். இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிற ரத்தம் அதற்கு. அவ்வளவையும் கடந்து வந்து, மணிமுத்தாறு தண்ணீர் பாய்கிற நம் குளத்தோரத்தில் புல் மேய்கிறது என்றால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஏழெட்டு மட்டும் திடீரென்று எழும்பி, ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி இறங்கின. ஊருக்குப் போகிற நினைப்பு வந்துவிட்டதோ என்னவோ.

அப்புறம் ஊருக்குள் நடந்தேன். தெருவோர வேம்பிலும் புளியிலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன, கூழைக்கடாக்களும்தான். கீழே எச்சம் சுண்ணாம்பு கொட்டினது மாதிரி கிடக்கிறது. ஒரு அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டே, "போன வருசம் இந்த மரத்துல மூணு கூடு, இப்ப அஞ்சு" என்று சொன்னார். வீட்டில் கன்று போட்ட கணக்கைச் சொல்வதுபோல இருந்தது. சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1994ல்தான். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்துவருகிறார்கள். பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்று நம்புகிறார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாய்வதால் அந்த நம்பிக்கையில் நிஜமும் இருக்கிறது. காவலுக்கு எத்தனை பேரைப் போட்டாலும் இந்த வாசல் கூட்டுகிற கைகளுக்கு ஈடாகாது என்று நினைக்கிறேன்.

விஜயநாராயணம் குளத்துக்குப் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நடுத்தண்ணீரில் ஒதுங்கிவிட்டன. கானல் அலையில் எண்ணவே முடியவில்லை. கரையோரம் கருவால் மூக்கன்கள் மட்டும் கிட்டத்தில் நின்றன.

மனசுக்குக் கஷ்டமானது ஒன்று. நாம் சைக்கிளை நிறுத்திப் பூனைப்பருந்து பார்ப்போமே, அந்தத் தரிசு முழுக்க இப்போது சோலார் தகடுகள். மின்சாரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தரிசு என்றால் ஒன்றுமில்லாத இடம் என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. புல்லுக்குள் தரையில் படுத்துத் தூங்குகிற பருந்து அது, வேறெங்கே போகும்? அரை மணி நேரம் காத்திருந்தேன். ஒன்றே ஒன்று, தாழப் பறந்து போயிற்று.

திரும்புகையில் பனங்காட்டுக்கு மேலே சூறைக்குருவிக் கூட்டம். புகை சுருண்டு விரிவதுபோல ஆடி, சட்டென்று மொத்தமும் உடைமுள்ளுக்குள் விழுந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இருட்டும்வரை நின்றேன். உன் நினைப்புதான்.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி போனில் சொன்னாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. டாக்டர் சரி என்று சொன்னதும் பங்குனி பிறப்பதற்குள் கிளம்பி வா. உன் பழைய பைனாகுலர் என்னிடம்தான் இருக்கிறது. லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது, துடைக்கக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும்.

அன்புடன்,
உன் மாப்ள