முதலாளியும் நண்பனும்

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே லாஸ் ஏஞ்சலஸில் மகன் வீட்டில் எல்லோரும் சுகம். பேத்திக்குப் பேஸ்பால் பைத்தியம் பிடித்து, விடிந்தால் இந்த ஊர் டாட்ஜர்ஸ் அணியில் ஆடும் ஜப்பானியர் ஒஹ்தானி பேச்சுதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சம்பளம் கொடுப்பவனும் வாங்குபவனும் நண்பர்களாக இருக்கவே முடியாது என்று வாத்தியார் வீட்டுத் திண்ணையில் அடித்துப் பேசினாயே, அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அகிஹிரோ இகுஹாரா. ஜப்பான்காரர், அந்த டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் வேலை பார்த்தவர். அங்கே எல்லோருக்கும் அவர் ‘ஐக்’.

ஃபுகுவோகா பக்கத்துக்காரர். வசேதா பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் ஆடியவர், பிறகு ஆசியா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர். ஜப்பானில் கல்லூரி பேஸ்பாலுக்கு இருக்கிற மரியாதையே தனி. அந்த வேலையை விட்டுவிட்டு, அமெரிக்க ஆட்டத்தைக் கற்க 1965-ல் கிளம்பிவிட்டார். சோதாரோ சுசுகியின் சிபாரிசு இருந்தது. 1934-ல் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் ஜப்பானுக்கு வந்து ஆடினாரே, அந்தப் பயணத்துக்கு ஓடியாடி வேலை செய்த சுசுகிதான். டாட்ஜர்ஸ் உரிமையாளர் வால்டர் ஓ'மாலிக்கு வேண்டியவர்.

ஐக்கை ஸ்போகேன் ஊருக்கு அனுப்பினார்கள். டாட்ஜர்ஸின் கிளை அணியை அங்கே நடத்திக்கொண்டிருந்தவர் வால்டரின் மகன் பீட்டர். ஐக்கும் பீட்டரும் 1937-ல் பிறந்தவர்கள். நேற்று வரை கல்லூரி அணிக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்த மனிதர் அங்கே ஆட்டக்காரர்களின் உடுப்பைத் துவைத்தார், ஷூ துடைத்தார். ஆங்கிலமும் சரியாக வராத காலம். முதலாளி மகனும் எடுபிடியும். உன் கணக்குப்படி அங்கே ஏவலும் பணிவும்தான் இருந்திருக்க வேண்டும், இல்லையா?

1970-ல் பீட்டர் டாட்ஜர்ஸின் தலைவரானார். பின்னாளில் ஐக் அவருடைய நேரடி உதவியாளர். இதைப் பதவி உயர்வு என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பேஸ்பாலை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது பீட்டரின் பெரிய ஆசை. ஜப்பானில் யாரிடம் எப்படிப் பேசுவது, எங்கே பொறுத்திருப்பது என்பதெல்லாம் தெரிந்தவர் ஐக். அந்த விஷயத்தில் பீட்டர் மாணவர், ஐக் வாத்தியார். சம்பளச் சீட்டில் இதற்குக் கட்டம் கிடையாது முத்து.

1984 ஒலிம்பிக்கில் பேஸ்பாலைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். டாட்ஜர்ஸ் மைதானத்திலேயே ஜப்பான் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 6-3 என்று வென்றது. இரண்டு தேசத்தையும் மனதில் வைத்திருந்த ஐக்குக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும்!

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது மசாஹிரோ யமமோதோ கதை. ஜப்பானின் சுனிச்சி டிராகன்ஸ் அணியின் இடதுகைப் பந்து வீச்சாளர், தொழில்முறை ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. 1988-ல் அந்த அணி ஃப்ளோரிடாவின் வேரோ பீச்சில் டாட்ஜர்ஸ் முகாமுக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது, இவரைக் கற்றுக்கொள்ளட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். கைகழுவிவிட்டார்கள் என்றே பையனுக்குப் பட்டிருக்கிறது. ஐக் அவரைக் கூடவே வைத்து, திட்டி, தேற்றி, விரட்டி வேலை வாங்கினார். வலதுகை மட்டையாளரை விட்டு வெளியே விலகி விழும் ‘ஸ்க்ரூபால்’ என்ற வீச்சை அங்கேதான் யமமோதோ கற்றார். அந்த ஆகஸ்டில் ஜப்பான் திரும்பினார், ஐந்து வெற்றி, தோல்வியே இல்லை, அணிக்கு லீக் பட்டம். அப்புறம் ஐம்பது வயது வரை வீசினார். மொத்தம் 219 வெற்றி. ஊர் தெரியாத இடத்தில் அடிமட்டத்தில் கிடப்பது எப்படி என்று ஐக்குக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பையனை அவரால் கைவிட முடியவில்லை என்று நான் நம்புகிறேன்.

1992 பார்சிலோனாவில் பேஸ்பாலுக்கு முதல்முறையாக முறையான ஒலிம்பிக் பதக்கம். அதே வருஷம் அக்டோபரில் வயிற்றுப் புற்றுநோயில் ஐக் போய்விட்டார். ஐம்பத்தைந்து வயது. 1995-ல் ஜப்பானியப் பந்து வீச்சாளர் நோமோ டாட்ஜர்ஸுக்கு வந்து அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்தபோது பீட்டர் இருந்தார், ஐக் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. 2002-ல் ஜப்பானின் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். ஆனால் இன்று இங்கே ஜப்பானிய ஆட்டக்காரர்களுக்காக ஆர்ப்பரிக்கிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

‘நினைத்தால் வேலையை விட்டு எடுத்திருக்கலாமே, அதுதான் முதலாளி’ என்பாய். எடுத்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். எடுக்கவில்லை என்பதல்ல என் வாதம். அந்த அதிகாரம் நடுவில் இருந்தும் ஒருவருக்கொருவர் தேவையாக இருந்தார்களே, அதை வேறு என்ன பெயரில் அழைப்பாய்? உன் பிரஸ் முதலாளியை வாய்க்கு வந்தபடி ஏசுவாய். அவர் போன அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பி, சாப்பிடாமல் யாரோடும் பேசாமல் கிடந்தாயே, அது எந்தக் கணக்கு? இதற்கு ஒழுங்காகப் பதில் எழுது. போனில் மழுப்பக் கூடாது.

மார்கழிக்குள் ஊருக்கு வந்துவிடுவேன். வாத்தியாருக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல். இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு, தீர்ப்பை அவரே சொல்லட்டும்.

உன்,
ராகவன்