தொட்டி கட்டக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்களை ஏற்றுக்கொண்ட ஊர்ப் பெரியவர்களுக்கும், கொத்தனார் ஐயாவுக்கும், தங்க இடம் தந்த அம்மாவுக்கும், மொழிபெயர்ப்பாளர் சகோதரருக்கும், எங்களை ஜெபத்தோடு அனுப்பிவைத்த சபையாருக்கும் அன்பான வணக்கம்.

ஊழியப் பயணத்திலிருந்து திரும்பியதும் சபையில் சாட்சி சொல்லும்படி என்னை அழைத்தார்கள். "மூன்று வாரத்தில் ஒரு பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி கட்டிக்கொடுத்துவிட்டு வந்தோம்" என்று தொடங்கிய எனக்கு, அந்தக் "கட்டிக்கொடுத்து" என்ற சொல்லைத் தாண்டிப் பேச நா எழவில்லை. கட்டியவர்கள் நீங்கள். நாங்கள் கல் சுமந்தோம், மணல் சலித்தோம், பல நேரம் குறுக்கே நின்றோம். அன்று சபையில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எழுபது பேரை ஊர்களுக்கு அனுப்பியபோது பணப்பையோ, சாமான்பையோ, பாதரட்சையோ வேண்டாம் என்றும், ஒரே வீட்டில் தங்கி அங்கே கொடுப்பதை உண்ணும்படியும் இயேசு சொன்னதாக லூக்கா 10-ஆம் அதிகாரம் கூறுகிறது. புறப்படும் முன் நடந்த ஜெபக் கூட்டத்தில் அந்தப் பகுதியை வாசித்தவனே நான்தான். வாசித்து முடித்துவிட்டுப் பதினான்கு பெட்டிகளை வண்டியில் ஏற்றினேன்.

அப்பெட்டிகளில் ஒன்றில் நான் பெருமையோடு கொண்டுவந்த லேசர் மட்டக் கருவி இருந்தது. நண்பகல் வெயிலில் அதன் சிவப்புக் கோடு சுவரில் தெரியவே இல்லை. நான் துணியைப் பிடித்து நிழல் உண்டாக்கிப் போராடிக்கொண்டிருந்தபோது, கொத்தனார் ஐயா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடி போன்ற ஒரு ரப்பர்க் குழாயை எடுத்து வந்து, அதில் நீர் நிரப்பி, உள்ளே சிக்கியிருந்த காற்றுக் குமிழியை விரலால் தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டு, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். இரு முனைகளிலும் நீர் அசைவற்று நின்ற இடத்தில் அவர் கரித்துண்டால் கோடு போட, நான்கு மூலைக்கும் மட்டம் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூலையைச் சதுரமாக்க அவர் கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து என அளந்து முக்கோணம் இழுத்தபோது, பொறியியல் படித்த நான் வாய் திறக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து நான் அவருடைய சித்தாள்.

இருந்தும் மறுநாளே தவறு செய்தேன். கலவை இறுகலாக இருந்ததால் வேலை எளிதாகட்டும் என்று யாரையும் கேட்காமல் ஒரு வாளி நீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டேன். தேவைக்கு மீறிய நீர் பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும், கான்கிரீட் வலுவிழக்கும் என்பது எனக்குப் பாடத்தில் தெரிந்ததுதான். கை வலித்தபோது பாடம் நினைவுக்கு வரவில்லை. ஐயா கோபிக்கவில்லை. அந்தக் கலவையைத் தொட்டிக்குச் சேர்க்காமல், நடைபாதைப் பள்ளத்தில் கொட்டச் சொல்லிவிட்டு, புதிதாகக் கலக்கத் தொடங்கினார். வீணானது சிமென்ட் மட்டும் என்றுதான் அப்போது எண்ணினேன்.

அன்று மாலை என் காலணிச் சேற்றை வாசலில் இருந்த குடத்து நீரில் கழுவினேன். அம்மா, நீங்கள் பார்த்தீர்கள்; ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. விடியற்காலையில் நீங்கள் ஊற்றுக்குக் கிளம்பியபோது நானும் பின்னால் வந்தேன். இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ, அதற்குமேல் குடத்தின் எடை. ஏற்றத்தில் இரண்டு முறை இறக்கிவைத்தும் என்னால் அதை வீடுவரை சுமக்க முடியவில்லை. கடைசித் தொலைவுக்கு நீங்கள்தான் வாங்கிக்கொண்டீர்கள். நான் கலவையில் ஊற்றிய வாளியும், காலணியில் ஊற்றிய குடமும் எங்கிருந்து வந்தவை என்று அந்த ஏற்றத்தில்தான் புரிந்தது. சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. ஆகவே குறைந்தது ஏழு நாளாவது சுவர் ஈரமாக இருக்க வேண்டும் என்று நான்தான் திட்டத்தில் எழுதியிருந்தேன். அந்த நீரை யார் சுமப்பார் என்று எழுதவில்லை. ஊர்ப் பெண்கள் முறைவைத்துச் சுமந்து, ஈரச் சாக்குகளைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி.

அம்மா, உங்கள் கட்டிலை எனக்குத் தந்தபோது நான் பிடிவாதமாக மறுத்ததற்கும் மன்னியுங்கள். கால்களைக் கழுவ வந்த ஆண்டவரைத் தடுத்த பேதுருவின் மறுப்பைப் பணிவு என்றே அதுவரை நினைத்திருந்தேன். கொடுக்கிறவனாகவே இருக்க விரும்பும் மனம் கடன்படுவதற்குக் கூசும்; என்னுடையதும் அந்தக் கூச்சம்தான்.

மொழிபெயர்ப்பாளர் சகோதரரே, முதல் வாரத்தில் நான் வேகம் பற்றியும் ஒழுங்கு பற்றியும் சொன்ன சில வாக்கியங்களை நீங்கள் மொழிபெயர்க்கவே இல்லை என்று விடைபெறும் நாளில் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். என் மானத்தைக் காத்தது அந்த மௌனம்.

1968-இல் மெக்ஸிகோவில், உதவி செய்ய வந்த அமெரிக்க மாணவர்களிடம், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று சமூகச் சிந்தனையாளர் இவான் இல்லிச் பேசினார். முன்பு அதைக் கடுமையான பேச்சு என்று ஒதுக்கியிருக்கிறேன். இப்போது முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. எங்கள் பயணச் செலவைக் கூலியாகக் கொடுத்திருந்தால் உங்கள் கொத்தனார்கள் இன்னும் எத்தனை தொட்டி கட்டியிருப்பார்கள் என்ற கணக்கைச் சபையார்முன் வைத்திருக்கிறேன். அவர்கள் அதைப் பொறுமையோடு கேட்டதற்கும் நன்றி.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். முதல் மழையின் அழுக்கு நீரைத் தொட்டிக்குள் விடாமல் திருப்பிவிடும் குழாயைப் பொருத்தும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அதை எப்படிச் செய்யலாம் என்று நான் எழுதி அனுப்பப்போவதில்லை. ஐயா முடிவெடுத்துச் சொன்னால் வேண்டிய பொருளுக்குச் சபையில் கேட்கிறேன். மழை வந்ததும் நீர் எந்தக் கோடுவரை நின்றது என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கொத்தனார் ஐயாவின் சித்தாள்