காலைக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கச்சேரி ஆவணப்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே ஆளாக நாலைந்து வாத்தியங்களைச் சேர்த்து வாசிக்கும் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) கலைஞர்களை 'வேடிக்கை' என்று ஒற்றை வரியில் முடித்தது வருத்தமாக இருந்தது.

ஜெஸ்ஸி ஃபுல்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1896இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிறந்தவர். ரயில்வேயிலும் கப்பல் கட்டும் தளத்திலும் உழைத்தவர். இசையையே தொழிலாக எடுத்தபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். கூட வாசிக்க நம்பகமான ஆட்கள் அமையவில்லை. சரி, எல்லாவற்றையும் தானே வாசிப்பதென்று இறங்கிவிட்டார். கையில் 12 தந்தி கிட்டார். கழுத்தில் மாட்டிய சட்டத்தில் ஹார்மோனிகாவும், வாயில் வைத்து முனகினால் ரீங்கரிக்கும் கசூவும். ஒரு காலுக்கு ஹை-ஹாட், அதாவது பெடலை மிதித்தால் ஒன்றோடொன்று மோதும் ஜோடித் தட்டுகள். இன்னொரு காலுக்கு, அவரே செய்த ஃபோட்டெல்லா என்ற வாத்தியம். நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் ஆறு பேஸ் (தாழ்ந்த ஒலி தரும்) தந்திகள். பெடலை மிதித்தால் பியானோவில் இருப்பது போன்ற சுத்தி எழுந்து தந்தியை அடிக்கும். ஃபோட்டெல்லா என்ற பெயரே அவர் மனைவி விளையாட்டாக வைத்ததிலிருந்து வந்ததுதான். அவருடைய 'சான் ஃபிரான்சிஸ்கோ பே ப்ளூஸ்' பாட்டை 1992இல் பிரபல ஆங்கிலேய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 'அன்பிளக்டு' என்ற தொலைக்காட்சிக் கச்சேரியில் ஒரு குழுவையே வைத்துக்கொண்டு வாசித்தார். ஃபுல்லர் அதைத் தனியாளாக வாசித்தவர்!

இப்படிப்பட்டவரைப் படமெடுப்பதில்தான் என் ஆதங்கம். குழு என்றால் கேமரா கிட்டார்காரரிடமிருந்து டிரம்மருக்குத் தாவலாம், தப்பில்லை. தனியாளை அப்படி வெட்டி வெட்டிக் காட்டினால் நாலு பேர் வாசிப்பதுபோல ஆகிவிடுகிறது. உதடு கசூவுக்குத் தாவும் அதே நொடியில் கால் பேஸை விடாமல் பிடித்திருப்பதை ஒரே ஃபிரேமில் பார்க்க வேண்டும். குழுவில் ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் தாங்கிக்கொள்வார்கள். இங்கே தாங்க ஆளில்லை. கால் ஒரு கணம் தயங்கினால் பாட்டும் கூடவே தயங்கும். எனக்கு அந்தத் தயக்கம்கூடப் பிடிக்கும். அதில் ஒரு மனிதரின் மூச்சு கேட்கிறது. முகத்தை மட்டும் நெருக்கத்தில் காட்டும் படங்களில் இதெல்லாம் போய்விடுகிறது.

ஃபுல்லர் ஒருவரோடு இது முடியவில்லை. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கிட்டார், ஹார்மோனிகா, டிரம் மூன்றையும் சேர்த்து வாசித்த டாக்டர் ராஸ் என்ற ப்ளூஸ் கலைஞர் இருந்தார். 1965இல் ஐரோப்பா வரை போய் வாசித்துவிட்டு வந்தவர். அவரைப் பற்றியும் உங்கள் இதழில் விரிவாக ஒரு கட்டுரை வர வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் படத்துக்கு அடுத்த முறை விமர்சனம் எழுதுபவர், கேமரா எத்தனை நிமிடம் காலைக் காட்டியது என்பதையும் எழுதட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி