மே லீவுக்கு அந்தமானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் வெயிலுக்கு பயந்து எங்க தெருவுல எல்லாரும் அந்தமான் அந்தமான்னு பேசிக்கிட்டு இருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா பசங்களுக்கு லீவு விட்டதும் மே கடைசியில போலாம்னு டிக்கெட் போடுறாங்க பாருங்க, அங்கதான் சிக்கல். மே மூணாவது வாரத்துக்கெல்லாம் அங்க தென்மேற்கு பருவமழை வந்துடும், கடல் கொந்தளிச்சா ஹேவ்லாக், நீல் தீவுக்கு போற படகை நிறுத்திடுவாங்க, அப்புறம் ரூமுக்கு கட்டுன காசு அம்போ. இதை எங்க ஊரு டிராவல்ஸ்காரர் ஒருத்தர் வாயே தொறக்கல, ஆஃபர் இருக்கு சார்னு மட்டும் சொன்னாரு. அரையாண்டு லீவுல போங்கப்பா! டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும், அதனால விடியக்காலையில கிளம்பிடணும்.

சென்னையில இருந்து பிளைட்ல ரெண்டு மணி நேரம் சொச்சம், கப்பல்னா மூணு நாள் கிட்ட ஆகும், வயசானவங்கள வெச்சுக்கிட்டு அது வேணாம். போர்ட் பிளேர் பேரை 2024ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, புதுப் பேரை பாத்து பதறாதீங்க. செல்லுலார் ஜெயிலுக்கு ஒரு அரைநாள் ஒதுக்குங்க, பீச்சை விட அதுதான் முக்கியம்னு நான் சொல்லுவேன்.

லட்சத்தீவு கதை வேற, அதுக்கு பெர்மிட் வாங்கணும், கப்பலும் பெரும்பாலும் கொச்சியில இருந்துதான். உங்க சுற்றுலா பக்கத்துல கடல் போட்டோவோட இந்த விவரத்தையும் போட்டா நல்லாருக்கும் சார்.

வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்